கூடத்துக் குளத்தில் கவிழ்த்த ஓடுகள்

“காலேஜு படிச்சா எறா சாவாம இருக்குமாம்மா?” என்று பழவேற்காட்டு வியாபாரி பாய் என்னைக் கேட்டார். அவர் வீட்டுக் கூடத்தில் கட்டிய பெரிய உப்புத்தண்ணீர்க் குளத்தை நான்தான் அலங்கரித்தேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். வெள்ளைக் கற்களையும் சங்குகளையும் வரிசையாக அடுக்கியிருந்தேன். இரண்டு முறை விட்ட இறால்களும் காலையில் பாதி உடம்பாகக் கிடந்தன. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் மண் கொட்டி மூடிவிடுவதாகச் சொன்னார்.

குளத்துக்குப் பழவேற்காட்டு உப்பு ஏரித் தண்ணீர் சுமந்துவந்த அக்கா, கையால் தடவி இறால் பிடிப்பவர். இரண்டு கையும் தண்ணீருக்குள் தடவ, கூடைக் கயிற்றைப் பல்லில் கடித்தே முன்பற்கள் தேய்ந்திருந்தன. தண்ணீரில் கை வைத்தால் கண்ணை மூடிக்கொள்வார். அன்றும் அப்படியே குளத்தின் அடியைத் தடவினார்.

“இன்னா பாப்பா, பொங்கலுக்குக் கோலம் போட்ட மாரி அடுக்கிக்கீற? தோலு உரிக்கிற எறா எங்க போயி ஒளியும்? மத்ததுங்க துன்னுடாது?”

தோலுரித்தலைப் பற்றிப் பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் நான்.

அவர் உடைந்த ஓடுகளைக் கவிழ்த்து வைத்தார். குளம் அசிங்கமாயிற்று.

“பிடிக்கிற கையே ஒளிச்சு வெக்குதேக்கா?”

“ஒளியற எடம் தெரியாமயா புடிக்கிறேன்?”

மூன்றாம் முறை விட்ட இறால்களில் வெள்ளிக்கிழமை வரை ஒன்றும் சாகவில்லை. பாய் என்னைப் பாராட்டினார். நான் மறுக்கவில்லை. அதைக் கேட்டபடியே அக்கா குடத்தைக் குளத்தில் கவிழ்த்துவிட்டுப் போனார்.

இப்போது மீஞ்சூரில் ஒருவர் குளம் கட்டக் கூப்பிடுகிறார். இரண்டு பேர் வருவோம் என்று தபால் போட்டுவிட்டேன். நான் இதுவரை பெயர்கூடக் கேட்காத அக்காவைத் தேடி ஏரிக்கரைக்கு வந்திருக்கிறேன்.