குடித்தது வண்டிதான்

இது நடந்தது ஐம்பதுகளின் கடைசியில், கொச்சி மட்டாஞ்சேரியில். அங்கே ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் நான் மெக்கானிக்காக இருந்தேன். பள்ளுருத்தியில் பெண் பார்த்து நிக்காஹுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் வந்து, ஊரில் பெட்ரோல் தீர்ந்துபோனது. பெட்ரோல் இல்லாததற்கும் என் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். அந்தத் தட்டுப்பாட்டால் என் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்றால் நம்புவீர்களா?

நாங்கள் பாலக்காட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட தமிழ் ராவுத்தர் குடும்பம். வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். பெண் வீட்டாரும் அப்படித்தான். பெண்ணுக்குத் தகப்பனார் இல்லை. அவர் குடித்தே குடும்பத்தை அழித்தவர். ஒருநாள் கும்பளங்கியிலிருந்து வள்ளத்தில் திரும்பும்போது போதையில் காயலில் விழுந்து போய்ச் சேர்ந்தார். அதனால் என் மாமியாராக வரப்போகிறவர் என் வேலை என்ன, சம்பளம் என்ன என்று எதையும் பெரிதாகக் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, குடிப்பீங்களா?"

"சாயாவைத் தவிர வேற எதையும் குடிச்சதில்லை மாமி" என்றேன். சத்தியமான வார்த்தை. அன்றிலிருந்து அவருக்கு நான் 'மாப்ள' ஆனேன். ஆனால் எனக்கு முன்னால் ஒரு வரனை, வாசல் வரைக்கும் வந்தவரை, வாயிலிருந்து வந்த வாடைக்காக அவர் திருப்பி அனுப்பியிருக்கிறார் என்பதும் என் காதுக்கு வந்திருந்தது.

இனி வண்டிக் கதை. சீமைக்கே திரும்பிப் போன ஒரு தேயிலைக் கம்பெனி துரை தன் ஸ்போர்ட்ஸ் காரை எங்கள் முதலாளிக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டே பேர் உட்காரலாம். பச்சை நிறம், நீண்ட மூக்கு, மடித்து வைக்கிற துணிக்கூரை. அதைக் கவனிக்கிற பொறுப்பு என்னுடையது. நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் தம்பி, படகுத்துறை ஆபீசில் வேலை பார்த்த பையன், எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான். "மச்சான், நிக்காஹுக்கு அந்தப் பச்சை வண்டியிலயா வருவீங்க?"

"பின்னே, பஸ்ஸிலயா வருவேன்?" என்றேன்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. இரண்டு நாளில் பள்ளுருத்தி முழுக்கச் செய்தி பரவிவிட்டது. முதலாளியும் சரி என்று சொல்லிவிட்டார். அப்புறம்தான் பெட்ரோல் பங்க்கில் 'இல்லை' என்று பலகை தொங்கியது. டீசல் பஸ்கள் மட்டும் ஓடின. பஸ்ஸில் போய் இறங்குவதை நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எங்கள் ஒர்க்‌ஷாப்பை ஒட்டி மரச்சாமான்களுக்குப் பாலீஷ் போடும் கடை ஒன்று இருந்தது. அதை நடத்தியவர் ஒரு மலையாளிச் சேட்டன். அரக்கைக் கரைக்க அவர் டின் டின்னாக ஸ்பிரிட் வாங்கி வைத்திருப்பார். சாராய வாடைதான் அதற்கும். கண் எப்போதும் சிவந்திருக்கும். பாதிக் காரணம் ஸ்பிரிட்டின் ஆவி, மீதிக் காரணம் சாயங்காலக் கள்ளு. ஸ்பிரிட்டில் வண்டி ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவர் சிரித்தார்.

"எடோ, இது மேஜைக்கு மினுக்கம் வைக்கிற சாதனம். இதைக் கொடுத்தா உன் வண்டியும் மேஜை மாதிரி ஒரே இடத்துல நிக்கும்."

சொல்லிவிட்டு ஒரு டின்னை எடுத்தும் கொடுத்தார். முதல் நாள் அவர் சொன்னபடியேதான் ஆனது. டேங்கில் ஸ்பிரிட்டை ஊற்றி, வண்டியின் மூக்கில் ஸ்டார்ட் செய்யும் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் என்ஜின் தும்மியது, இருமியது, காற்றையும் எரிபொருளையும் கலக்கிற கார்புரேட்டர் வழியாகத் தீ துப்பியது. தீப்பொறி விடும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. என்ஜின் பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம். பெட்ரோல் எரிகிற அதே அளவு காற்றுக்கு ஸ்பிரிட் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு வேண்டும்.

அந்த வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர். ஒவ்வொன்றிலும் ஒரு பித்தளை ஊசி துளைக்குள் ஏறி இறங்கும். ஊசி மெலிந்தால் அதிக எரிபொருள் இறங்கும். ஆனால் தேய்த்தது தேய்த்ததுதான், மறுபடி தடிக்க வைக்க முடியாது. புது ஊசி சீமையிலிருந்துதான் வர வேண்டும். முதலாளி வண்டி. ஊசியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன். "தேய், நாசமானா நான் பார்த்துக்கிறேன்" என்றார் முதலாளி. அந்த மனிதருக்கும் இது ஓடுமா என்று பார்க்கிற ஆசை வந்துவிட்டது.

எமரித் தாளை, அதாவது உப்புத்தாளை நனைத்து, ஊசியை ஒரு இழுப்பு இழுப்பேன், மாட்டுவேன், சுற்றுவேன், பிளக்கைப் பார்ப்பேன். மறுபடி கழற்றி இன்னொரு இழுப்பு. தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைத்தேன். கடைசியில் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் செருகி, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் மாறி மாறி வைத்து, இரண்டும் ஒரே அளவில் மூச்சு இழுக்கிறதா என்று கேட்டுச் சரிசெய்தேன். இரண்டு மூச்சும் ஒன்றாகச் சேர்ந்த அந்தக் கணத்தில் என்ஜினின் சத்தமே மாறியது. இருமல் போய்க் கணகணவென்று பாடத் தொடங்கியது. வேடிக்கை பார்க்க வந்து நின்ற சேட்டனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதுவரை நான் அறிந்ததில்லை.

ஒரு குறை மட்டும் இருந்தது. குளிர்ந்த என்ஜினை ஸ்பிரிட் எழுப்பாது. முதலில் கொஞ்சம் பெட்ரோலைக் காட்டித்தான் எழுப்ப வேண்டும். அதற்காக முதலாளி எங்கிருந்தோ ஒரு சின்னக் குப்பி பெட்ரோல் தேடித் தந்தார்.

நிக்காஹ் நாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டார் முன்கூட்டியே பஸ்ஸில் போய்விட்டார்கள். நான் வெள்ளை வேட்டி, முழுக்கைச் சட்டை, தொப்பியோடு ஸ்டியரிங்கைப் பிடித்தேன். பக்கத்து இருக்கையில் சேட்டன். குப்பி பெட்ரோல் முழுவதையும் காட்டி என்ஜினை எழுப்பினேன். கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது.

பாதி வழியில் என்ஜின் தடுமாறியது. நிறுத்தி என்ஜின் மூடியைத் திறந்தால், குழாய் இணைப்பில் இருந்த பழைய தக்கை வாஷரை ஸ்பிரிட் அரித்துவிட்டிருந்தது. இறுக்கப் போன நேரத்தில் அது பீய்ச்சி அடித்தது. சட்டைக்கை, வேட்டி, இரண்டு பாதம், எல்லாம் ஸ்பிரிட். துணியைச் சுற்றி ஒருவழியாக அடைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். காற்றில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். மழை ஈரத்தில் அது எங்கே காயும்? என் மூக்கு அந்த வாடைக்கு ஒரு வாரமாகப் பழகிப்போயிருந்தது. அதனால் நான் எப்படி நாறுகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

பெண் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். ஒரே ஆரவாரம். எங்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளை படியேறும் முன் பெண்ணின் சகோதரன் அவர் காலைக் கழுவிவிட வேண்டும். தம்பி மூக்கு வைத்த கிண்டிச் செம்போடு வந்து என் காலடியில் குனிந்தான். தண்ணீர் விட்டான். பாதத்தைத் தேய்த்தான். சட்டென்று அவன் கை நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தான். வேறு யார் காதிலும் விழக் கூடாது என்று மெல்லக் கேட்டான். "மச்சான்... குடிச்சிருக்கீங்களா?"

எனக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. நான் வாயைத் திறக்கும் முன்னே, கதவுத் திரைக்குப் பின்னால் நின்றிருந்த மாமி அவன் முகத்தைப் பார்த்துவிட்டார். வெளியே வந்தார். என் அருகில் வந்து ஒரு முறை மூச்சை இழுத்தார். அவர் முகம் அப்படியே செத்துப்போயிற்று.

"மாமி, நான் குடிக்கலை. வண்டிதான் குடிக்குது" என்றேன்.

கூட்டத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தமாக இருக்கிறது என்று எனக்கே உறைத்தது. ஊதச் சொன்னார்கள், ஊதினேன். சட்டையே அப்படி நாறும்போது வாய் வாடையை யார் பிரித்துச் சொல்வது? சேட்டன் நேர்மையாக முன்வந்து, "பொய்யில்ல உம்மா, ஸ்பிரிட்டு என் கடையில இருந்துதான்" என்று சாட்சி சொன்னார். அவருடைய சிவந்த கண்ணைப் பார்த்ததும் என் வழக்கு இன்னும் மோசமானது. என்னைப் பெற்ற அத்தா கோபத்தில் என்மேலேயே பாய்ந்தார். ஸ்பிரிட்டில் கார் ஓடுமா, எங்கேயாவது கள்ளத்தனமாகப் பெட்ரோல் வாங்கியிருப்பான் என்றார் ஒரு பெரியவர். பேச்சு வளர்ந்துகொண்டே போனது. மழையும் வலுத்தது.

மாமி மட்டும் சத்தம் போடவில்லை. "என் மவளுக்கு நகை கேக்கலை, வீடு கேக்கலை. குடிக்காத ஆள் வேணும்னு மட்டும்தான் கேட்டேன் தம்பி" என்றார். 'மாப்ள' போய், மறுபடி 'தம்பி' ஆகிவிட்டேன். அந்த ஒரு வார்த்தை தாங்க முடியாமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"உங்க கண்ணு முன்னாலயே ஓட்டிக் காட்டுறேன் மாமி" என்றேன்.

வண்டியில் இருந்த மிச்ச ஸ்பிரிட் டின்னை எல்லோரும் முகர்ந்து பார்க்கும்படி சுற்றிக் காட்டினேன். டேங்கில் ஊற்றினேன். கைப்பிடியைச் செருகிச் சுற்றினேன். ஒன்றுமில்லை. பேச்சு நடந்த நேரத்தில் மழையில் என்ஜின் ஜில்லென்று ஆறிப்போயிருந்தது. எழுப்பிவிடப் பெட்ரோலும் இல்லை. தள்ளிப் பார்க்கலாம் என்றால் மணல் சந்து, சக்கரம் புதைந்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் நான் மழையில் நனைந்து சுற்றுகிறேன், சுற்றுகிறேன், தோள் கழன்றுவிடும் போலிருக்கிறது. சூடு காட்டினால் எழும்பும் என்று நான் முனகியதைக் கேட்டு, ஒருவர் பிரியாணி அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். "அய்யோ, தீ வேணாம்! எல்லாரும் போயிருவோம்!" என்று நான் கத்திய கத்தலில் அவர் கட்டையோடு திரும்பி ஓடினார்.

அவ்வளவுதான் என்று கைப்பிடியை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். அப்போது மாமி சமையல் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். இரண்டு கையாலும் ஒரு செம்புப் பானையைப் பிடித்திருந்தார். அதிலிருந்து ஆவி பறந்தது. தோளில் பழந்துணி.

"சூடுதானே வேணும்? வெந்நி பத்துமா?" என்றார்.

துணியை வெந்நீரில் முக்கி, என்ஜினுக்குள் காற்று போகும் இரும்புக் குழாயைச் சுற்றிப் போர்த்தினேன். அவர் மேலே ஊற்றிக்கொண்டே இருந்தார். துணி ஆறியதும் மறுபடி முக்கினேன். தம்பி கிண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, "நான் சுத்துறேன் மச்சான்" என்று கைப்பிடியைப் பிடித்தான். ஒரு தும்மல். இன்னொரு தும்மல். அப்புறம் ஒரு உறுமல். நான் ஓடிப்போய் ஆக்ஸிலேட்டரைக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டேன். வண்டி கணகணவென்று பாடியது.

மாமி வண்டியின் பின்பக்கம் போனார். முந்தானையை ஒதுக்கிக்கொண்டு குனிந்து, புகைக்குழாயிலிருந்து வந்த காற்றை முகர்ந்தார். நிதானமாக இன்னொரு முறை முகர்ந்தார். குடிகாரரோடு காலம் தள்ளிய அந்த மூக்கை யாரும் ஏமாற்ற முடியாது. அது சொல்லப்போகும் தீர்ப்பைக் கேட்கக் கூட்டம் முழுவதும் அவர் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு வந்தது.

நிமிர்ந்தபோது அவர் கண்ணில் தண்ணீர். "குடிச்சது வண்டிதான்" என்றார். பிறகு மகனைப் பார்த்து, "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறே? மாப்ள காலைக் கழுவு" என்றார்.

வீட்டுக்குள்ளிருந்து பெண்களின் குரவைச் சத்தம் எழுந்தது. அதில் என் மனைவியின் குரலும் இருந்ததாம். மணப்பெண் அப்படிச் சத்தம் போடலாமா என்று பல வருடம் அவளை எல்லோரும் கிண்டல் செய்தார்கள். மைத்துனனின் சட்டையை மாற்றிக்கொண்டு நான் நிக்காஹுக்கு உட்கார்ந்தேன். அது எனக்கு ரொம்பச் சின்னது, மூச்சுவிடக் கஷ்டமாக இருந்தது. சேட்டன் அன்று வயிறு முட்டப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, சாயா மட்டும் குடித்தார்.

வேலைநிறுத்தம் முடிந்து பெட்ரோல் வந்தது. சீமையிலிருந்து புது ஊசிகளும் வந்தன. தேய்த்த ஊசிகளை முதலாளி எனக்கே கொடுத்துவிட்டார். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது இன்றும் எடுத்துக் காட்டுவேன்.

பல காலம் கழித்து ஒருநாள் மாமியிடம் கேட்டேன். "அன்னிக்கு என்மேல சந்தேகம்தானே மாமி? அப்புறம் ஏன் வெந்நி கொண்டாந்தீங்க?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார். "சந்தேகம் இருந்துச்சுதான். ஆனா வண்டி எழும்பணும்னு அல்லாகிட்ட உன்னைவிட நான்தான் அதிகமா துஆ செஞ்சேன்."

அதற்குப் பிறகு யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்த்தால் முன்னைப்போல எனக்குக் கோபம் வருவதில்லை. இவரும் ஒருவேளை உள்ளே எனக்காக வெந்நீர் வைத்துக்கொண்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டு, கைப்பிடியை இன்னொரு முறை சுற்றிப் பார்க்கிறேன்.