இருபத்தேழாம் அறை நாற்காலி

கல்லூரி விடுதியில் இவனுக்குக் கிடங்கு என்று பேர் வைத்தவன் மகா புத்திசாலி. பெற்றவர்கள் வைத்த பேரைவிட அது கச்சிதமாகப் பொருந்தியது. படிப்பு முடிந்து போகிறவர்கள் வேண்டாததை அறை வாசலில் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம்; வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நாலு வருஷமாக வேண்டியவர் இவன் ஒருவன்தான். எரியாத மேசை விளக்கு, கைப்பிடி போன வாளி, ஜோடியில்லாத செருப்பு, யாரோ எழுதித் தோற்றுப்போன நோட்டுகள் என எல்லாம் இருபத்தேழாம் அறைக்கே வந்து சேர்ந்தன. கேட்டால், என்றைக்காவது உதவுமாம். அந்த என்றைக்காவது ஒருநாள்கூட வந்து கதவைத் தட்டவில்லை.

இப்போது இவன் போகிற முறை. மதியத்துக்குள் அறையைக் காலி செய்து வார்டனிடம் கையெழுத்து வாங்கினால்தான் சான்றிதழ் தருவார்கள். சான்றிதழ் இருந்தால்தான் மறுநாள் வேலையில் போய்ச் சேர முடியும்.

இவனுடைய அக்காள் தன் தையல் கடையைப் பூட்டிவிட்டு வேன் பிடித்துக்கொண்டு வந்தாள். கதவைத் தள்ளினாள். பாதிதான் திறந்தது. மீதிப் பாதிக்கு உள்ளே இடமில்லை.

"மூட்டை கட்டிட்டேன்னு சொன்னியே, எங்கடா?"

"எல்லாமே மூட்டைதான்க்கா."

அவளுக்கு இது புதிதா என்ன? சின்ன வயதில் துவைக்கப் போடும்போது இவன் கால்சட்டைப் பையைக் காலி செய்தவள் அவள்தான். செத்த வண்டு ஒன்றை எறிந்ததற்கு மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்த துரை இவன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். அவள் எதைக் கையில் எடுத்தாலும் இவன் அதற்கு ஒரு வரலாறு சொன்னான். ஜன்னலோரம் நெஞ்சு உயரத்துக்குக் கிடந்த குவியலை மட்டும் தொடவே விடவில்லை. முக்கியமானதெல்லாம் அதில்தான் இருக்கிறதாம். என்ன முக்கியம் என்று கேட்டாள். தலையைச் சொறிந்தான்.

அதற்குள் வார்டன் பட்டியலோடு வந்துவிட்டார். கட்டில் ஒன்று, மேசை ஒன்று, நாற்காலி ஒன்று. எல்லாவற்றிலும் அறை நம்பரைப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள். கட்டில் சரி, மேசை சரி. நாற்காலிதான் மூன்று இருந்தன. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தார். பதினாலு, முப்பத்தொன்று, நாற்பது.

"ஊரான் நாற்காலி மூணு இருக்கு. உன்னோடது எங்கப்பா? அது வராம நான் கையெழுத்துப் போட முடியாது."

இவன் முகம் செத்துவிட்டது. இந்த மூன்றையும் அந்தந்த அறையில் கொண்டுபோய் வை, உன்னுடையது அங்கே எங்காவது கிடக்கும், தேடு என்று வார்டன் விரட்டினார். நாலு வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்தவன் முதல்முறையாக ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனான். மூச்சு வாங்க மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தான். காலி அறைகளில் கட்டிலுக்கு அடியில்கூட எட்டிப் பார்த்தான்.

அக்காளுக்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? இவன் முதல் நாற்காலியோடு படியேறியதுமே ஜன்னலோரக் குவியலில் கை வைத்தாள். கந்தல் திரைச்சீலை, காலி அட்டைப்பெட்டி, மை காய்ந்த பேனா ஒரு டப்பா. அள்ளி அள்ளி வாசலில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டாள்.

மூன்றாவது நாற்காலியையும் வைத்துவிட்டு இவன் வெறுங்கையோடு திரும்பியபோது குவியல் இல்லை. அது இருந்த இடத்தில், தூசி படிந்த நாற்காலியின்மேல் அக்காள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து அதைக் கவிழ்த்துக் காட்டினாள். இருபத்தேழு. முதல் வருஷம் அதன்மேல் ஒரு பெட்டியை வைத்தவன், அப்புறம் அதன் முகத்தையே பார்க்கவில்லை.

மீதிச் சாமானையும் அக்காள் தொட்டிக்கு அனுப்பியதும் வார்டன் கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் கைக்கு வந்தது. மொத்த வேனில் இரண்டே இரண்டு பைதான் ஏறியது. இவன் உர்ரென்று உட்கார்ந்திருந்தான்.

"எதைக் காணோம்னு ஒண்ணே ஒண்ணு சொல்லு. வண்டியை நிறுத்தி எடுத்துட்டு வரேன்," என்றாள் அக்காள்.

யோசித்தான். வேன் கேட்டைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, பெரிய சாலையில் ஏறும் வரைக்கும் யோசித்தான். ஒரு பொருளின் பேர்கூட வாயில் வரவில்லை.

"அந்த நாற்பதாம் நம்பர் நாற்காலி உட்கார நல்லா இருந்துச்சுக்கா," என்றான் கடைசியில்.

அக்காள் டிரைவரைக் கொஞ்சம் வேகமாகப் போகச் சொன்னாள்.