கெர்ஷா கொம்பை நிறுத்திய சாயங்காலம்

கெர்ஷாவுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். அவள் அங்கே இருமினால் நான் இங்கே தண்ணீர் எடுத்து வைப்பேன். ஓர்மத் நகரத்துக் கிழக்கு வாசல் கீலுக்கு இருபத்தாறு வருஷமாக ஒட்டகக் கொழுப்பு தடவுகிறவள் அவள்தான். அவளைக் கிறுக்கி என்று ஊர் சொல்கிறது. சொல்கிற ஊருக்குத்தான் புத்தி போதாது. இதை யார் முன்னாலும் சொல்வேன்.

ஒன்பது வருஷமாக எழுந்தவர்கள் மதிலைச் சுற்றித் திரிகிறார்கள். வேறு யாரோ இல்லை. மணலில் செத்து, புதைக்க ஆளில்லாமல் எழுந்து நடக்கிற நம் ஆட்கள்தான். கண்ணை மணல் தின்றுவிட்டது, காது மட்டும் மிச்சம். பகலெல்லாம் அவர்கள் பாட்டுக்கு அலைவார்கள். பொழுது சாய்ந்து, கொம்பு ஊதுகிற ஒக்பார் கோபுரத்தில் ஏறி ஊதினதும் அத்தனை பேரும் கிழக்கு வாசலுக்கு வந்து முட்டுவார்கள்.

வராமல் என்ன செய்வார்கள்? கொம்பு கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வா என்றுதானே இந்த ஊரில் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போதே சொல்லி வளர்க்கிறோம்.

கெர்ஷா இதைக் கீலில் கண்டுபிடித்தாள். போன குளிர்காலத்தில் ஒக்பாருக்கு ஈறு வீங்கி மூன்று நாள் ஊதவில்லை. யாராவது முட்டினால் கதவு ஆடிக் கீலில் இருக்கிற கொழுப்பு வழிந்துவிடும். அந்த மூன்று நாளும் தடவின கொழுப்பு தடவினபடியே இருந்தது. காவல் தலைவர் தவ்ருஷிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"மூணு நாளும் குளிர் ஜாஸ்தி. அதான் அவங்க வரல" என்றார் அவர்.

"செத்தவங்களுக்கு என்னய்யா குளிரு?"

"கொழுப்பு தடவுறவ கொழுப்ப மட்டும் பாரு."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. கெர்ஷா அதற்கப்புறம் வாரா வாரம் போனாள். வாரா வாரம் அதே பதில்.

அவளுக்கு அவசரம் இருந்தது. மகள் இஸ்மேரா தானிய ஒட்டகங்களோடு போயிருந்தாள். ஒட்டகக் கூட்டம் தூரத்து மணல்மேட்டுக்குப் பின்னால் காத்திருந்து, கொம்பு கேட்டபிறகுதான் வாசலுக்கு வரவேண்டும் என்பது சட்டம். அதே கொம்பைக் கேட்டு எழுந்தவர்களும் வருவார்கள். போன வருஷம் வந்தது நாற்பத்தொரு பேர், உள்ளே நுழைந்தது பத்தொன்பது.

கூட்டம் வரவேண்டிய நாள் காலையில் கெர்ஷா ஒக்பார் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணே, இன்னைக்கி ஒரு நாள் ஊதாதீங்க."

"ஊதலேன்னா உயிரோட இருக்கிறவனுக்கு வழி தெரிய வேணாமா? மணல் பறக்கிற காலம்மா இது."

"கோபுரத்துல நான் தீ மூட்டுறேன். உயிரோட இருக்கிறவங்களுக்குக் கண்ணு இருக்கு. எழுந்தவங்களுக்கு இல்ல."

ஒக்பார் ரொம்ப நேரம் கொம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "போன வருஷம் நான் ஊத ஊத ஒட்டகத்தோட வந்தவங்க கீழ விழுந்தாங்க. பார்த்துட்டேதான் ஊதினேன்" என்றார். அப்புறம், "எனக்கு இன்னைக்கிப் பல்லு வலின்னு சொல்லிடு" என்றார்.

எரிக்க விறகு ஏது இந்த ஊரில்? கெர்ஷா தன் கட்டிலை உடைத்தாள். வீட்டுக் கதவையும் கழற்றினாள். ஒரு முனையை நான் பிடித்தேன்.

பொழுது சாய்ந்தது. கொம்பு இல்லை. தீ நன்றாக எரிந்தது. வாசலை ஒருத்தரும் முட்டவில்லை. கீல் முனகக்கூட இல்லை. ஆனால் ஒட்டகங்களும் வரவில்லை.

கதவு எரிந்து கரியாகிற நேரத்துக்கு, மதிலில் ஆள் மட்டும் நுழைகிற சின்ன வாசலை யாரோ தட்டினார்கள். இஸ்மேரா. காலில் கம்பளி சுற்றிக்கொண்டு சத்தமில்லாமல் தனியாக நடந்து வந்திருக்கிறாள்.

"உயிரோடயா இருக்க?" என்றாள் அம்மாவைப் பார்த்து.

"நான் கேக்க வேண்டியதடி அது! மத்தவங்க எங்க?"

"கொம்பு கேக்கல. கோபுரத்துல தீ எரியுது. ஊரே போச்சுன்னு எல்லாரும் தர்மிக் கிணத்துப் பக்கம் திரும்பிட்டாங்க. உன்னைப் புதைச்சிட்டுப் போலாம்னு நான் மட்டும் வந்தேன்மா."

கெர்ஷா அவள் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். அப்புறம் கட்டிக்கொண்டு விடவே இல்லை.

தவ்ருஷ் வந்து குதித்தார். "பார்த்தியா? தானியத்தையே துரத்தி விட்டுட்ட. நாளைக்கிக் கொம்பு ஊதியே ஆகணும்."

"வாசல்ல யாராவது முட்டினாங்களாய்யா? அதைச் சொல்லுங்க மொதல்ல!"

"கொம்பு ஊதியே ஆகணும்" என்று மறுபடியும் சொல்லிவிட்டுப் போனார்.

இஸ்மேரா எழுந்து கம்பளியை இறுக்கிக் கட்டினாள். "இப்பவே போனா கிணத்தடியில அவங்களப் பிடிச்சிடலாம். நாளைச் சாயங்காலம் கூட்டிட்டு வந்துடுவேன். ஆனா கொம்பு ஊதக் கூடாது. ஊதினா நடுவுல மாட்டிப்போம்."

"இப்பத்தானேடி வந்த!" என்று கத்தினாள் கெர்ஷா. "ஒரு வாய் கஞ்சி குடிச்சியா நீ?" கத்திக்கொண்டேதான் சின்ன வாசலின் கீலுக்குக் கொழுப்பைத் தடவினாள், திறக்கிற சத்தம் வெளியே கேட்கக்கூடாது என்று.

மறுநாள் மத்தியானத்திலிருந்து அவள் கோபுரப் படியில் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள். ஒக்பாரால் மேலே ஏறமுடியவில்லை. ஏற முயலவும் இல்லை.

"எந்திரி" என்றார் தவ்ருஷ்.

"மாட்டேன்."

"ஆளை விட்டுத் தூக்கச் சொல்லவா?"

"தூக்குங்க. நான் போடுற கூச்சல்ல கொம்பே தேவைப்படாது, மொத்தப் பேரும் வந்துடுவாங்க."

தவ்ருஷ் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்கும்போதே இருட்டத் தொடங்கியது. மணல்மேட்டிலிருந்து ஒட்டகங்கள் வந்தன. மணிகள் அவிழ்க்கப்பட்டு, வாய் கட்டப்பட்டு, ஒன்றன்பின் ஒன்றாக. முப்பத்தாறு ஒட்டகம், இருபத்தெட்டு பேர். ஒருத்தர் குறையவில்லை. கடைசி ஆளாக இஸ்மேரா நுழைந்தாள்.

ஊர் கெர்ஷாவைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்க வேண்டாமா? மறுநாள் தவ்ருஷ் ஊரைக் கூட்டி, காற்று எதிர்த்து வீசியதால் எழுந்தவர்களுக்கு ஒட்டகச் சத்தம் கேட்காமல் போனது, இனி வழக்கம்போல் கொம்பு ஊதப்படும் என்றார். புதுத் தானியத்தில் செய்த ரொட்டியை மென்றுகொண்டே எல்லாரும் தலையாட்டினார்கள். காறித் துப்பலாம்போல் இருந்தது எனக்கு.

இன்றோடு எட்டு நாள். கெர்ஷா படியை விட்டு இறங்கவில்லை. கீலுக்குக் கொழுப்பு தடவுவது இப்போது இஸ்மேரா. கஞ்சி கொண்டு போவது நான். முட்டி வலிக்கிறது, இருந்தாலும் அவளுக்குக் கீழ்ப்படியில் நானும் உட்கார்ந்துகொள்கிறேன். தூக்குவதென்றால் இரண்டு பேரையும் சேர்த்துத் தூக்கட்டும்.