அண்ணன் மூஞ்சியும் ரீஃபர் செல்வநாதனும்

ராயபுரத்துல செல்வநாதன்னு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. ரீஃபர் செல்வநாதன்னு கேளு, பால் பாக்கெட் வாங்கிகினு போற பொம்பள கூட வூட்டக் காட்டும். ஹார்பர்ல மீனும் எறாலும் ஏத்தினு போற குளிர்பெட்டி கன்டெய்னருக்கு ரீஃபர்னு பேரு. முப்பத்தோரு வருசம் அத ரிப்பேர் பாத்த மனுசன். நான் பரசுராமன், வியாசர்பாடி, டிரைவரு. எனக்கு மனுசங்கள அவ்ளோ சீக்கிரம் புடிக்காது. இவரப் புடிக்கும்.

இவருகிட்ட ஒரு கெட்ட பழக்கம். கெட்டுப்போன மிஷின அப்டியே உட்டுட்டு வர முடியாது. கல்யாணப் பந்தியில மேல சுத்துற ஃபேன் டக்டக்குன்னா எலய உட்டு எழுந்துருவாரு. சொந்தக் கல்யாணத்தன்னிக்கே கோயில் மைக்க பிரிச்சுகினு உக்காந்திருந்தாருன்னு அவரு சம்சாரம் எல்சி அக்கா இன்னிக்கும் திட்டும். அப்பால, மிஷின் விசயத்துல வாயில பொய் வராது. பார்ட்டி முன்னாடி ‘எல்லாம் கரெக்டா கீதுன்னு சொல்லுய்யா’ம்பாரு மொதலாளி. இவரு ‘கரெக்டா இல்லியே சார்’ம்பாரு. அப்டியே மூணு யார்டுல வேலயத் தொலச்சாரு.

நான் ஓட்டுறது ஒரு கட்சியோட பிரசார வண்டி. கட்சி பேரு வேணாம், நாளைக்கி நான் சோறு துன்னணும். தலைவரு பேரு திருவரசு, எல்லாருக்கும் அண்ணன். வண்டிக்குள்ள சோபா, கட்டிலு, டிவி, கக்கூசு, எல்லாம் கீது. ஹவுசிங்போர்டுல எங்க வூட்டுல ஆறு பேருக்கு அவ்ளோ எடமில்ல. கூர மேல ரெண்டு பெரிய ஏசி. அது ஓட ஜெனரேட்டர் போடணும். அந்தச் சத்தத்துல அண்ணனுக்கு சிந்தன வராதாம். அதனால வண்டி ஓடும்போது இன்ஜின் ஏசி மட்டும்தான். அதுவும் ரெண்டு நாளா வெறும் காத்து.

அன்னிக்கி திருவொத்தியூர்ல ஆரம்பிச்சி நெட்டுக்குப்பம், அத்திப்பட்டு வரைக்கும் ப்ரோக்ராம். பகுதிச் செயலாளர் அன்பரசன் காலைலயே வந்து, “அண்ணனுக்கு வேர்த்துச்சுன்னா நாளையிலேர்ந்து நீ வர வேணாம்”னாரு. நான் ரீஃபருக்கு ஃபோன் போட்டேன். “வண்டி ஓடும்போது பாக்கணும், நானும் கூட வரேன்”னு வந்து குந்திகினாரு.

அவருக்கு அங்க இன்னொரு சோலியும் இருந்துச்சு. எல்சி அக்காவோட தங்கச்சி பிலோமி நெட்டுக்குப்பத்துல கீது. அதோட பையன் சாவியோவுக்கு ஏழு வயசு. தெனிக்கும் மூஞ்சில மாஸ்க் வச்சி மருந்துப் பொகை புடிச்சாத்தான் மூச்சு வுட முடியும். எல்லாம் பக்கத்து அனல்மின் நிலையத்துலேர்ந்து பறக்குற கரிச் சாம்பலு. குப்பத்துப் பொம்பளைங்க மனு எழுதி வச்சிகினு காலைலேர்ந்து நின்னுகினு இருந்தாங்க. அண்ணன் எறங்கி அந்த மண்ணுல கொஞ்ச நேரம் இருந்து பாக்கணும், அவ்ளோதான் கேக்குறது. முன்னாடி ரெண்டு தபா வந்தப்பயும் கண்ணாடிக்கு உள்ளேர்ந்தே கும்புட்டுகினு போய்ட்டாரு. ஜன்னல் வழியா குடுத்த மனுவ காலி தண்ணி பாட்டிலோட சேத்து குப்பையில போட்டவன் நான்தான். சொல்லவே வெக்கமா கீது.

வண்டி கெளம்புச்சு. செல்வநாதன் ஏசி காத்து வர்ற ஓட்டையில ஒரு தெர்மாமீட்டர சொருவினாரு. வெளிக்காத்து வராம பட்டனப் போட்டாரு. கட்டில் பக்கத்து ஸ்கிரீன இழுத்து மூடி, குளுத்த வேண்டிய எடத்த பாதியாக்கினாரு. அப்பவும் தேறல.

“தம்பி, இது என்ன, தலைவனுக்கு வந்த சோதனையா?”ன்னாரு அண்ணன். அவரு தண்ணி கேக்குறது கூட மேடைத் தமிழ்ல தான்.

விம்கோ நகர் தாண்டி செல்வநாதன் என் காதுல சொன்னாரு. “ஓடும்போது இருவத்தி ரெண்டு. நின்னா முப்பது. கேஸ் கம்மின்னா ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கும். மிஷினு மூச்சு வுட முடியாம கீது பரசு. முன்னாடி எதுவோ அடச்சிகினு கீது.”

எர்ணாவூர்ல கன்டெய்னர் லாரிங்க வழக்கம்போல நின்னுகினு இருந்துச்சு. நாங்களும் நின்னோம். செல்வநாதன் எறங்கி முன்னாடி போனாரு, கைய ஆட்டி என்னியும் கூப்ட்டாரு. வண்டியோட மூக்குல, காத்து உள்ள போற கிரில்ல முழுசா மூடி, கட்டுக்கம்பி போட்டு இறுக்கி ஒரு ஃப்ளெக்ஸ். அதுல அண்ணன் அஞ்சடிக்கி கும்புட்டுகினு சிரிக்கிறாரு. முந்தாநேத்து அன்பரசன் ஆளுங்க கட்டினது. எனக்கு அப்பதான் ஒறச்சுது, ஏசி படுத்ததும் முந்தாநேத்து தான்.

“இத அவுத்துட்டு ரெண்டு கொடம் தண்ணி அடிச்சா பத்து நிமிசத்துல ஐஸ் மாரி வரும்”னாரு செல்வநாதன்.

அன்பரசன் ஓடியாந்தாரு. “இன்னாது, அண்ணன் மூஞ்சிய அவுக்கிறியா? எதிர்க்கட்சிக்காரன் ஃபோட்டோ புடிச்சி போட்டான்னா நான் பதவியில இருக்க முடியுமா?”

“சரி, பெரிய பேனர்ல காத்து போவ அரைவட்டமா கிழிச்சி வுடுவீங்கல்ல, அந்த மாரி நாலு கிழி கிழிச்சிக்கிறேன்.”

“எங்க கிழிப்ப?”

அங்கதான் பேஜாரு. கண்ணுல கூடாது. வாயில கூடவே கூடாது. கும்புட்ட கையில கிழிச்சா மக்கள அவமதிச்சதாயிரும். மிச்சம் கீழ் வரிசையில பகுதி ஆளுங்களோட சின்னச் சின்ன தலைங்க. “இதுல கிழிக்கட்டா?”ன்னு செல்வநாதன் வெரல வச்சாரு. அது அன்பரசன் தல. “எங்க அம்மா உயிரோட கீதுய்யா”ன்னாரு அன்பரசன். பக்கத்துத் தல வட்டச் செயலாளர். வண்டி கூடவே வந்த அவரு பைக்க ஸ்டேண்டு போட்டுட்டு வந்து தன் தல மேல கைய வச்சி மறச்சிகினாரு. கட்சிக்காக உயிரக் குடுப்பேன்னு மேடைக்கு மேட பேசுற ஆளு, ஒரு கிழி குடுக்க மாட்டேன்னுட்டாரு.

அப்பதான் செல்வநாதனுக்கு ஃபோன் வந்துச்சு. பிலோமி. ஸ்பீக்கர்ல போட்டாரு. “மாமா, எட்டு மணிலேர்ந்து நிக்கிறோம். புள்ளயும் வெயில்ல கீறான். இந்தத் தபாவாவது எறங்குவாரா?”

“பாக்கலாம்மா”ன்னு வச்சிட்டாரு. ஃப்ளெக்ஸப் பாத்தாரு. என்னியப் பாத்தாரு. அப்பால அன்பரசன்கிட்ட, “இருக்கட்டும்பா, அண்ணன் மூஞ்சிய எதுக்கு கிழிச்சிகினு”ன்னு சொல்லிட்டு ஏறி குந்திகினாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஏறினவரு சும்மா இருக்கல. வெளிக்காத்து உள்ள வர்ற மாரி பட்டன மாத்தி உட்டாரு. எர்ணாவூர் அனலு மொத்தமும் உள்ள வந்துச்சு.

“மாமு, என் வேல போயிரும்.”

“பழிய என் மேல போடு”ன்னாரு. 

நெட்டுக்குப்பம் வர்றதுக்குள்ள அண்ணன் சட்ட ஒடம்போட ஒட்டிகிச்சு. “சரிசெய்ய எவ்வளவு நேரம் பிடிக்கும்?”னு கேட்டாரு.

செல்வநாதன் தெர்மாமீட்டர உருவி பாக்கெட்டுல போட்டாரு. “நாப்பது நிமிசம் சார். நீங்க எறங்கி, கதவத் தொறந்து வச்சாத்தான் சூடு எறங்கும்.” எனக்குத் தெரிஞ்சி மிஷின் மேல அவரு சொன்ன மொத பொய்.

“மக்களைச் சந்திக்காமல் போவதா?”ன்னு அன்பரசன முறைச்சிகினே அண்ணன் எறங்கினாரு.

பிலோமி சேர் போட்டுச்சு. காலைல வெளக்கி கவுத்து வச்ச குண்டான எடுத்து, மேல வெரலால ஒரு இழு இழுத்து, அந்தக் கருப்ப அண்ணன் உள்ளங்கையில வச்சுது. அண்ணன் “தொழில் வளர்ச்சி என்பது”ன்னு ஆரம்பிச்சி இருமினாரு. மைக் இல்லாம அவரால பதினஞ்சு நிமிசத்துக்கு மேல பேச முடில. மீதி நேரம் வேற வழியில்லாம கேட்டாரு. சாவியோ மாஸ்க்க மாட்டிகினு எதிர்ல உக்காந்து அவரையே பாத்துகினு இருந்தான். வெள்ள சட்ட தோள்பட்டையில சாம்பல் படிஞ்சத நானே பாத்தேன். சந்தோசமா இருந்துச்சு.

இங்க செல்வநாதன் கம்பிய வெட்டி ஃப்ளெக்ஸ அவுத்து, தண்ணி அடிச்சாரு. சிமென்ட் கரைச்ச மாரி சாம்பல் வழிஞ்சுது. பத்து நிமிசத்துல வேல முடிஞ்சுது. மீதி அர மணி நேரம் ஒரே நட்ட டைட் பண்ணாரு, லூஸ் பண்ணாரு, திரும்ப டைட் பண்ணாரு. “நல்லா கீற மிஷின ரிப்பேர்னு சொல்லிகினு நிக்கிறேன்டா”ன்னாரு. கண்ணு கலங்கிடுச்சு மனுசனுக்கு.

அப்பால வண்டி ஊட்டி மாரி இருந்துச்சு. அத்திப்பட்டு வர்றதுக்குள்ள அண்ணன் தூங்கிட்டாரு. மடியிலேர்ந்து குப்பத்துப் பொம்பளைங்க குடுத்த மனு நழுவி சோபாவுக்கு அடியில போச்சு. மறுநாள் பேப்பர்ல, சுட்டெரிக்கும் வெயிலில் மக்களோடு மக்களாகன்னு ஃபோட்டோ. அன்பரசன் அந்த ஃபோட்டோவையே ஃப்ளெக்ஸா அடிச்சாரு, முன்னத விட பெருசு. அவுத்த ஃப்ளெக்ஸ குப்பத்துலயே உட்டுட்டு வந்ததால, அண்ணன் மூஞ்சிய தொலச்சவன்னு சொல்லி செல்வநாதன அப்பால வண்டி வேலைக்கு கூப்பிடல.

அந்த ஞாயித்துக்கெழம செல்வநாதன் கோயில்ல ஃபாதர்கிட்ட அந்தப் பொய்ய சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணாரு. “ஃபாதர் இன்னா சொன்னாரு?”ன்னு கேட்டேன். “இங்க புனிதருங்க சிலைக்கே புழுங்குது, ரெண்டாவது ஃபேன கொஞ்சம் பாத்துடுங்கன்னாரு”ன்னாரு.

போன மாசம் அவரோட நெட்டுக்குப்பம் போனேன். பழைய ஃப்ளெக்ஸ் பிலோமி வூட்டு வாசல்ல, குடிதண்ணி டிரம்முங்களுக்கு மேல மூடாப்பா கட்டி இருந்துச்சு. அண்ணன் வானத்தப் பாத்து கும்புட்டுகினு கீறாரு. உள்ள சாவியோவோட மருந்துப் பொகை மிஷின் சத்தம். மனு இன்னா ஆச்சுன்னு பிலோமி கேட்டுச்சு. இந்தத் தபா நான் குப்பையில போடல, என் டேஷ்போர்டுல தான் கீது. அத சொல்லாம, ஃப்ளெக்ஸோட கயித்த இழுத்துக் கட்டினேன்.

பிலோமி வெளக்குமாற எடுத்துச்சு. “தெனிக்கும் ரெண்டு தபா அண்ணன் மூஞ்சிய பெருக்கி வுடறேன்”னுச்சு. “திரும்பிப் பாக்குறதுக்குள்ள சாம்பலு மறுபடி கொட்டிடுது.”