அப்பாவின் கையெழுத்துக்காக அம்மா வாங்கிய கால் பாட்டில்

இன்று மதியம் ஆபீஸ் கேன்டீனில் உடன் வேலை பார்க்கும் பெண் மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, எங்க அண்ணன சேர்க்க ஒரு இடம் கெடச்சிருக்கு. பணத்துக்குத்தான் அலையறோம். குடிய நிறுத்தறதுக்கு இவ்ளோ பாடா?"

அவளுக்கு எங்கள் அம்மாவின் கதையைச் சொன்னேன். சிரித்தாள், அழுதாள், டீ ஆறியே போனது.

அம்மாவிடம் போனில் அனுமதி வாங்கிவிட்டு இங்கேயும் எழுதுகிறேன். ("எழுது. ஆனா என் வயச மட்டும் போட்ராத!")

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நான் ப்ளஸ் டூ.

அப்பா நல்ல வேலைக்காரர், பெரிய குடிகாரர். இரண்டுமே தொழிற்சாலை முழுக்கத் தெரியும்!

லீவெல்லாம் தீர்ந்து மெமோவும் வந்துவிட்டது. இனியும் சொல்லாமல் மட்டம் போட்டால் வேலை போகும், வேலை போனால் வீடும் போகும்.

அம்மா ஸ்டெல்லா அழுதுகொண்டு உட்காரவில்லை. தொழிற்சாலை ஆஸ்பத்திரி நர்ஸிடம் விசாரித்து, நூம்பல் பக்கம் ஒரு சிகிச்சை நிலையத்தைக் கண்டுபிடித்தார். பஸ் மாறி மாறிப் போய்ப் பேசிவிட்டும் வந்தார்.

முப்பது நாள் அங்கேயே தங்க வேண்டும். பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும். காலியாக இருந்த ஒரே பெட்டை சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் வைத்திருப்பார்களாம்.

பணத்துக்கு ஒரே வழி, தொழிற்சாலை சொசைட்டி லோன். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் ஜாமீன் கையெழுத்தே போட்டுவிட்டார்கள். (குடிகாரருக்கு ஜாமீன்! அந்த மனசு யாருக்கு வரும்?) இனி அப்பா கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

இங்கேதான் அம்மா ஒரு தப்புச் செய்தார்.

"குடிச்சிட்டுப் போட்டா செல்லாதுங்க. நாளைக்குக் காலைல மட்டும் தொடாதீங்க" என்று கெஞ்சினார். அப்பாவும் தொடவில்லை!

வெள்ளிக்கிழமை காலை சொசைட்டி கவுன்ட்டர். அப்பா பேனாவைப் பிடித்தார். கை உதறியது. ஒரு ஃபாரம் பாழ். இரண்டாவதும் பாழ். மூன்றாவதில் பேனா பேப்பரைக் கிழித்தது.

கவுன்ட்டர் கிளார்க் பழைய கையெழுத்து இருந்த அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தார்.

"இன்னா சார் இது? அட்டைல ஒரு மாறி கீது, இதுல ஒரு மாறி கீது. நான் பாஸ் பண்ணா என் வேல பூடும்."

அப்பா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். கிளார்க் அம்மா பக்கம் குனிந்தார்.

"யக்கா, தப்பா நென்ச்சிக்காத. ஒரு கட்டிங் உள்ள போனாதான் அண்ணாத்தைக்கு கை நிக்கும். நாளைக்கு பன்னெண்டு மணி வரிக்கும் ஆபீஸ் கீது."

குடியை நிறுத்துவதற்குக் குடிக்கக் கொடுக்க வேண்டும்!

அப்பாவையே போய்க் குடித்துவிட்டு வரச் சொல்ல முடியாது. போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார்.

அன்று சாயங்காலம் அம்மா சர்ச்சுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு, பருத்திப்பட்டுப் பக்கம் இருந்த பிராந்திக் கடைக்குப் போனார். அவ்வளவு தூரத்தில் தெரிந்தவர்கள் இருக்க மாட்டார்களாம்.

அங்கே அப்பாவின் செக்‌ஷனே நின்றது!

கூட்டம் விலகி வழி விட்டது. அம்மா நேராகப் போய் மெடிக்கல் ஷாப்பில் கேட்பது போலக் கேட்டார்.

"கால் பாட்டில் ஒண்ணு குடுங்க. எது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது?"

கடைக்காரர் திகைத்துப்போனார். "எம்மா, எல்லாமே பண்ணும்மா!"

அப்பாவுடன் தினமும் குடிக்கும் எல்லப்பன் ஓடி வந்தார். "இன்னாக்கா, நீ இங்க எதுக்கு வந்துகீற?"

"ஆஸ்பத்திரில சேக்கறதுக்கு லோன் ஃபாரத்துல உங்க அண்ணன் கையெழுத்துப் போடணும். கை நடுங்குது."

அம்மா குரலைத் தாழ்த்தவே இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லப்பன் தன் காசில் வாங்கி, பேப்பரில் சுற்றி அம்மா கையில் கொடுத்தார். "இத்தோட நான் அவர கூப்ட மாட்டேன்க்கா" என்றார்.

சனிக்கிழமை பத்து மணிக்கு, டானிக் மூடியால் அளந்து அம்மாவே அப்பாவுக்கு ஊற்றிக் கொடுத்தார். மிச்சத்தை அப்பா கண்ணெதிரிலேயே சிங்கில் கொட்டினார்.

கையெழுத்து அச்சு அசலாக விழுந்தது. பணத்தை வாங்கிக்கொண்டு அப்படியே பஸ் ஏறினோம்.

நூம்பலில் சேர்த்துக்கொள்ளும் மேடம் கேட்டார். "கடைசியா எப்ப குடிச்சீங்க?"

"இன்னிக்குக் காலைல."

"யார் குடுத்தது?"

"வொய்ஃப்."

அவ்வளவுதான்! பிடித்துக்கொண்டார் மேடம்.

"படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, நீங்களே ஊத்திக் குடுப்பீங்களா? வீட்ல இப்டி இருந்தா இவர் எப்படித் திருந்துவார்?"

நல்ல திட்டு. அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். பெட் கிடைத்தால் போதும் என்று இருந்திருப்பார்.

அப்பா எழுந்து நின்றார்.

"மேடம், என்ன எவ்ளோ வேணா திட்டுங்க. அவள ஒரு வார்த்த சொல்லாதீங்க. என் கை நிக்கணும்னு பிராந்திக் கட வரிக்கும் போய் நின்னா அவ."

மேடம் திட்டுவதை விட்டுவிட்டு, ஃபாரத்தில் பெட் நம்பரை எழுதினார்.

எத்தனையோ வருடங்களாக அம்மாவைத் திட்டுவதற்கு மட்டுமே எழுந்து நின்ற மனிதர். அம்மாவுக்காக ஒருவரிடம் அப்பா பேசி அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

முப்பது நாள் கழித்து வந்தவர், கடைசி வரை தொடவில்லை.

"எப்பம்மா உனக்கு நம்பிக்கை வந்தது? அவர் வீட்டுக்கு வந்தப்பவா?" என்று இன்று போனில் கேட்டேன்.

"அவர் எழுந்து நின்னாரே, அப்பவே. இனிமே பொழச்சிக்குவார்னு தெரிஞ்சிடுச்சு. மீதி இருபத்தொம்பது நாளும் சும்மா ரெஸ்ட்டுக்குத்தான்!"