மிதந்த அரிசி

வேம்பு, ஜமீலுன்னிசாவுக்கு முப்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தாள். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை, வட்டியும் இல்லை. புருஷன் கனகராஜின் கை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையில் பிரஸ் மிஷினுக்குள் மாட்டிய அன்று, பக்கத்து வீட்டு ஜமீலுன்னிசா பீரோவைத் திறந்தாள். மகள் சாய்மாவின் கல்யாணத்துக்கென்று சேர்த்திருந்த பணத்தை எடுத்து வேம்புவின் முந்தானையில் போட்டாள்.

"வட்டி எங்களுக்கு ஹராம், வேம்பு. வாக்கு குடு, போதும். பொண்ணு நிக்காவுக்கு முன்னாடி குடுத்துடு."

வேம்பு அவள் கையில் அடித்து வாக்குக் கொடுத்தாள்.

மந்தைவெளி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம். அடுப்பை ஆளத் தெரிந்தவள் வேம்பு ஒருத்திதான். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இருந்தால் என்ன? பட்டம் வாங்கியவர்கள் மாதக் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதை அவள் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள்! கனகராஜின் இரண்டு விரல் போனபின் அவன் அடையாற்றில் ஒரு அபார்ட்மெண்டுக்கு வாட்ச்மேன் ஆனான். சம்பளம் பாதியாகிவிட்டது. வேம்பு உட்கார்ந்து யோசித்தாள். வாடகை குறையாது. கரண்டு பில் குறையாது. மகள் பூஜாவின் பள்ளிச் செலவு குறையவே குறையாது. குறையக்கூடியது அடுப்பு ஒன்றுதான். அதை அவள் கையில் எடுத்தாள்.

மார்க்கெட்டுக்குக் கடை கட்டும் நேரத்தில்தான் போவாள். அப்போதுதான் தக்காளியையும் கத்தரிக்காயையும் கூறு கட்டிக் கூவுவார்கள். பீர்க்கங்காய் வாங்கினால் சதை கூட்டுக்கு, தோல் துவையலுக்கு. அதுவே இரண்டு வேளை. அவள் பாத்திரம் தேய்க்கும் அடையாற்று வீட்டில் முள்ளங்கி இலையையும் காலிஃபிளவர் தண்டையும் குப்பையில் போடச் சொல்வார்கள். அதெல்லாம் அவள் பையில் வீடு வந்து சேரும். வீட்டில் தர்பூசணி தின்றால் அடுத்த நாள் அதன் வெள்ளைப் பகுதி மோர்க்குழம்பில் வேகும். பூசணியா, தர்பூசணியா என்று கனகராஜுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பட்டினப்பாக்கம் போய்க் காரப்பொடி மீன் வாங்குவாள்.

"ஒரு நாளாவது வஞ்சரம் வாங்குமே" என்பான் கனகராஜ்.

"வஞ்சரம் போட்டோ புடிக்கத்தான்யா நல்லா இருக்கும். கொழம்புக்குக் காரப்பொடிதான்."

இத்தனைக்கும் அஸ்திவாரம் ரேஷன் அரிசி. மற்ற வீட்டில் அதை மாடு தின்னும், கோழி தின்னும். வேம்பு அதைக் கல் பார்த்து, நாலு தண்ணீர் கழுவி, உப்புப் போட்டு அலசி, உலை கொதிக்கும்போது போட்டு, கஞ்சி வடித்து எடுத்தாள் என்றால் கடை அரிசி வெட்கப்படும். அதே அரிசியில் இட்லிக்கு மாவு அரைப்பாள். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு தட்டு இட்லி ஜமீலுன்னிசா வீட்டுக்குப் போகும். கடன்பட்டவள் வெறுங்கையோடு கண்ணில் படக்கூடாது என்பது அவள் எண்ணம்.

இப்படியே மூன்று வருஷம். பருப்பு டப்பாவின் அடியில் பணம் ஏறிக்கொண்டே வந்தது. சாய்மாவுக்கு மாப்பிள்ளை அமைந்து, நிக்காவுக்கு ராயப்பேட்டையில் மண்டபமும் பிடித்துவிட்டார்கள். அந்த மாதச் சம்பளம் கைக்கு வந்தால் முப்பதாயிரமும் முழுசாக நிற்கும்.

"என் கையால துன்னு இந்நாள் வரைக்கும் ஒருத்தருக்கும் வயிறு வலிச்சதில்ல" என்று குழாயடியில் நின்று சொல்லிக்கொள்வாள். சொல்லட்டுமே, உண்மைதானே.

அந்தப் பேச்சில்தான் கண் பட்டது.

பூஜா ஒன்பதாவது படிக்கிற பெண். ஒருநாள் அப்பாவின் போனைக் கொண்டுவந்து அம்மாவின் மூக்குக்கு நேராக நீட்டினாள். யாரோ ஒருவன் தண்ணீரில் அரிசியைக் கொட்டி, மிதக்கிறதைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தான்.

"ம்மா, ரேஷன் அரிசில பிளாஸ்டிக் கலக்குறாங்களாம். குடல்ல ஒட்டிக்குமாம்."

"போன்ல வர்றத நம்புனா பட்டினிதான் கெடக்கணும். போய்ப் படிடீ."

சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டாள். அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

நிக்காவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு காலையில் பூஜா வாந்தி எடுத்தாள். வெறும் மஞ்சள் தண்ணீர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்துவிட்டாள். முகம் வெளுத்துக் கிடந்தது. வேம்பு அவளுக்குச் சீரகத் தண்ணீர் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்ததால் பெரிய குண்டானில் நிறையப் பிடித்து அரிசியைக் கொட்டி, மகளைப் பார்க்க ஒரு நிமிஷம் உள்ளே போய்த் திரும்பினாள்.

குண்டானில் அரிசி மிதந்துகொண்டிருந்தது.

எல்லாம் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக. மற்ற அரிசியை விட வெளுப்பு, கொஞ்சம் மொழுமொழுவென்று, அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவு. கையால் அமுக்கினாள். அமுங்கிவிட்டு மறுபடி மேலே வந்தது.

வேம்பு எப்போதும் வேகவேகமாக அலசிக் கொட்டிவிடுகிறவள். மிதந்ததெல்லாம் தண்ணீரோடு போனதா, உலைக்குள் போனதா, எத்தனை நாளாகப் போகிறது? மூன்று வருஷம் மிச்சம் பிடிக்கிறேன் என்று பெற்ற பெண்ணுக்கு எதைப் பொங்கிப் போட்டேன்?

மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு மகளைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்தாள்.

"சரியா சாப்பிடறாளா?"

"மூணு வேளையும் வயிறு நெறைய டாக்டர்."

"என்ன சாப்பிட்டா?"

அரிசி என்ற சொல் வேம்புவின் தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. சொன்னால் என்ன ஆகும்? பெத்தவளே விஷம் வைத்தாள் என்று எழுதிவிட்டால்? "ரசம் சோறுதான்" என்று முடித்துக்கொண்டாள். டாக்டரம்மா உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் மாத்திரையும் கொடுத்து, சரியாகாவிட்டால் மறுநாள் வரச் சொன்னாள்.

வரும் வழியில் ரேஷன் கடையில் நின்றாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்த அந்த மிதந்த அரிசியில் நாலை எடுத்துக் காட்டினாள். எடை போடுகிறவர் ஏறிட்டும் பார்க்கவில்லை.

"சத்து அரிசிம்மா அது. இரும்புச் சத்து, வைட்டமின் எல்லாம் மாவுல கலந்து அரிசி மாதிரி செய்றது. வாசல்ல நோட்டீஸ் ஒட்டிக்கீது பாரு."

வரிசையில் நின்ற ஒருத்தி உதட்டைப் பிதுக்கினாள். "அவரு வேற இன்னா சொல்லுவாரு? அவரு ஊட்ல துன்றாரான்னு கேளு."

இரண்டு பேச்சில் எது உண்மை? வேம்பு நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் பார்த்தாள். எழுத்து இருந்தது, தைரியம் வரவில்லை.

வீட்டில் கனகராஜ் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் குதித்தான்.

"அந்த மூட்டய மொதல்ல வெளிய போடு. டப்பாவுல கீற பணத்த எடு. கடை அரிசி வாங்கு, புள்ளய நல்ல டாக்டராண்ட காட்டு."

"அது பாயம்மா பணம்யா."

"பாயம்மா நல்ல மாதிரி. நாலு மாசம் பொறுத்துக்குவாங்க."

"நிக்கா பொறுத்துக்குமா? பிரியாணி போடுற பண்டாரிக்கு அந்தத் துட்டுலதான் குடுக்கணும்னு சொல்லிக்கினு கீறாங்க. கையில அடிச்சு சத்தியம் பண்ணவ நானு."

"புள்ள பெருசா, சத்தியம் பெருசாமே?"

அவன் போய்விட்டான். கேள்வி அங்கேயே நின்றது.

அப்போதுதான் வேம்புவுக்கு இன்னொன்று உறைத்தது. வெள்ளிக்கிழமை இட்லி! நேற்றுத்தானே கொடுத்தாள். பத்து நாளில் மணமேடையில் உட்காரப்போகிற பெண் அதைத் தின்றிருக்கிறாள். வேம்பு செருப்பைக்கூட மாட்டாமல் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். நடுப்பகல். உள்ளே சாய்மா போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள்.

"சாய்மா இன்னா பாயம்மா, இந்நேரத்துல படுத்துக்கினு கீது?" குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

"அத ஏன் கேக்கற! ராத்திரி பூரா மாப்ளயாண்ட போன்ல பேச்சு. பகல் பூரா தூக்கம். காலைல எழுந்து நேத்து மீந்த உன் இட்லிய தாளிச்சு ஒண்ணு விடாம துன்னுட்டுப் படுத்தவதான்."

"வயிறு கியிறு..."

"இன்னா வயிறு?"

"ஒண்ணுமில்ல பாயம்மா."

"மூஞ்சி ஏன் பேயறைஞ்சாப்ல கீது? துட்டப் பத்தி யோசிக்கிறியா? நீ குடுப்பேன்னு எனக்குத் தெரியும். அதான் பண்டாரிக்கு நாள் சொல்லிட்டேன்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இந்த நம்பிக்கை அல்லவா நெஞ்சில் கல்லாக விழுந்தது. சாய்மா போர்வைக்குள் புரண்டு படுக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

வேம்பு அடுப்பை நம்பி வாழ்ந்தவள். கடைசியில் அடுப்பையே கேட்பது என்று தீர்மானித்தாள். குண்டானில் மிதந்ததையெல்லாம் ஒன்று விடாமல் அரித்துத் தட்டில் சேர்த்தாள். ஒரு கைப்பிடி தேறியது. முதலில் இரண்டைக் கரண்டியில் வைத்து நெருப்பில் காட்டினாள். பிளாஸ்டிக் என்றால் உருகும், நூலாக இழுக்கும், நாற்றம் மூக்கைத் துளைக்கும். இது கருகியது. அடை தீய்ந்தால் வரும் வாசனை வந்தது. மிச்சத்தைத் தனியாக வேகவைத்தாள். விரலால் நசுக்கினால் குழைந்தது.

ஆனாலும் பயம் போகவில்லை. விஷமும் மாவாக இருக்கக்கூடாதா என்ன?

இனி ஒரே வழிதான். அந்தக் கைப்பிடிச் சோற்றில் உப்பைத் தூவினாள். எனக்கு ஒன்று ஆனால் மூட்டை தெருவுக்குப் போகட்டும், வாக்கும் போகட்டும். ஒன்றும் ஆகாவிட்டால் இரண்டும் நிற்கட்டும். அள்ளி வாயில் போட்டாள்.

"ம்மா! துப்பும்மா!"

படுத்திருந்த பூஜா எழுந்து ஓடிவந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "துன்னாதம்மா, அது பிளாஸ்டிக்குமா, நீ செத்துருவம்மா!"

வேம்பு விழுங்கிவிட்டாள். "நீ துன்னதத்தானடீ நானும் துன்றேன்."

"நான் துன்னல!"

"இன்னாது?"

பூஜா தேம்பித் தேம்பி அழுதாள். "அந்த வீடியோ பாத்ததுலேருந்து துன்னலம்மா. டிபன் பாக்ஸ் சோத்த ஸ்கூல் கேட்டாண்ட நிக்கற மாட்டுக்குப் போட்டுட்டேன். வீட்ல நீ அந்தாண்ட போறப்ப கவர்ல கொட்டிக்குவேன். டீயும் மாங்காயும்தான் துன்னேன்."

"மாங்காயா? வெறும் வயித்துலயா?"

"மொளகாத்தூள் தொட்டுக்கினு."

வேம்பு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வயிறு நிறையச் சாப்பிடுகிறாள் என்று டாக்டரம்மாவிடம் பெருமையாகச் சொன்னாளே! அடுப்பிலேயே கண் வைத்து, மகள் தட்டைப் பார்க்காமல் போனாளே! அடிக்க ஓங்கிய கை பாதியில் இறங்கி மகளை இழுத்து அணைத்துக்கொண்டது.

"சரி, அந்த மாடு இன்னாடீ ஆச்சு?"

பூஜா மூக்கை உறிஞ்சினாள். "நல்லாத்தான் கீது. தெனம் பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே வந்து நின்னுக்குது."

வேம்புவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரிக்கத் துணிவில்லை. மாட்டு வயிறு வேறு, மனுஷி வயிறு வேறு.

"இப்படி உக்காரு. பொழுது சாயறவரைக்கும் என்னையே பாத்துக்கினு இரு. எனக்கு ஒண்ணும் ஆவலன்னா நீ துன்னணும். சரியா?"

பூஜா தலையை ஆட்டினாள். உப்புச் சர்க்கரைக் கரைசல் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். வேம்பு கீரை ஆய்ந்தாள். நடுவில் அவள் வயிறு ஒருமுறை கடமுடவென்று உருண்டது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். பசி. காலையிலிருந்து அவள் அந்த ஒரு பிடியைத் தவிர எதையும் தின்னவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. வியர்த்தால் பயம், கொட்டாவி வந்தால் பயம். சுவருக்கு அந்தப் பக்கம் சாய்மா எழுந்து யாரிடமோ கலகலவென்று போனில் சிரிக்கிற சத்தம் கேட்டபோதுதான் வேம்புவின் நெஞ்சிலிருந்து பாதிக் கல் இறங்கியது.

விளக்கு வைத்த நேரத்தில் ரேஷன் அரிசியிலேயே குழையக் கஞ்சி வைத்தாள். மிதந்ததையும் சேர்த்துத்தான் வைத்தாள். முதல் வாயைத் தான் குடித்தாள். இரண்டாவது வாயைப் பூஜா கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள். மூன்றாவதைக் கண்ணைத் திறந்துகொண்டு குடித்தாள். அப்புறம் துவையல் கேட்டாள்.

மறுநாள் காலை வாந்தி இல்லை. அதற்கடுத்த நாள் பள்ளிக்கூடம் போனாள். டிபன் பாக்ஸ் காலியாகத் திரும்பி வந்தது. வேம்பு அதை மட்டும் நம்பவில்லை. மகளை வாயைத் திறக்கச் சொல்லி, பல்லில் கீரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். ஒட்டியிருந்தது.

ஆனாலும் சம்பளம் வரும்வரை அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இன்னும் என்ன வந்து குறுக்கே விழுமோ என்று பருப்பு டப்பாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பளம் வந்த அன்று மாலை, பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். முந்தானையில் வாங்கியதை முந்தானையிலேயே கொண்டுபோக வேண்டும் என்று அவளுக்கு.

ஜமீலுன்னிசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"எண்ண வேணாம் வேம்பு. உன்ன எனக்குத் தெரியாதா?"

"எனக்காவ எண்ணணும் பாயம்மா. கைய நீட்டுங்க."

ஜமீலுன்னிசா உள்ளங்கையை விரித்து நீட்டினாள். வேம்பு முடிச்சை அவிழ்த்தாள். ஐந்நூறு, நூறு, பருப்பு வாசனை ஏறிய ஐம்பது. வாய்விட்டு எண்ணி ஒவ்வொன்றாக வைத்தாள். கடைசி நோட்டு அந்த உள்ளங்கையில் விழுந்ததும், "முப்பதாயிரம்" என்றாள்.