அலமேலுவின் பாஸ்போர்ட்டுக்காகக் கல்வராயன் மலைக்கு ஒரு நாள்

இங்கிலாந்துக்கு மாணவர் விசா எடுக்க என்னென்ன வேண்டும் என்று எழுதச் சொல்லிப் பல பேர் கேட்டுவிட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் இந்தக் கதையில் விசா மையம் கடைசியில்தான் வரும். முக்கால்வாசி கரியாலூருக்கு மேலே இருபத்திரண்டு வீடுகள் உள்ள ஒரு சிற்றூரில்தான் நடந்தது. அருவி பார்க்கக் கல்வராயன் மலைக்குப் போகிறவர்களுக்கும் பேருந்து நேரங்கள் உதவும். நான் அருவியைப் பார்க்கவில்லை, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அலமேலுவும் நானும் கள்ளக்குறிச்சியில் ஒரே கல்லூரி, ஒரே விடுதி, ஒரே அறை. எனக்கு ஊர் உளுந்தூர்பேட்டை பக்கம் திருநாவலூர், அவளுக்கு மலை. இருவருக்கும் இங்கிலாந்தில் ஒரே பல்கலைக்கழகத்தில் ஓராண்டு முதுகலைக்கு இடம் கிடைத்தது. அவளுக்கு முழு உதவித்தொகை. எனக்கு வங்கிக் கடன். மதிப்பெண்ணில் யார் முந்தி என்று இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம்.

விசாவுக்கு வேண்டியவை சுருக்கமாக: பாஸ்போர்ட், பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிக் கடிதம், ஆங்கிலத் தேர்வு முடிவு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் எடுத்த காசநோய்ப் பரிசோதனைச் சான்று, படிப்புக்கும் தங்குவதற்கும் பணம் இருக்கிறது என்பதற்கான ஆதாரம். அந்தப் பணம் இருபத்தெட்டு நாள் கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும். உதவித்தொகை உள்ளவர்களுக்கு அதன் கடிதமே போதும். இதில் பாஸ்போர்ட் எண் இல்லாமல் உறுதிக் கடிதம் வராது, உறுதிக் கடிதம் இல்லாமல் விசா விண்ணப்பமே போட முடியாது.

அலமேலுவின் பாஸ்போர்ட்தான் நின்றுவிட்டது. போலீஸ் விசாரணை அறிக்கையில் "விண்ணப்பதாரர் இந்த முகவரியில் வசிக்கவில்லை" என்று வந்திருந்தது. ஜூலை முப்பத்தொன்றுக்குள் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுக்காவிட்டால் இந்த ஆண்டு இடம் போய்விடும் என்று பல்கலைக்கழகம் எழுதிவிட்டது. உதவித்தொகையும் அதோடு போய்விடும். அவள் சென்னைக்குப் போய் மறு விசாரணைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். ஜூலை இரண்டாம் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு வருவதாக விசாரணை அதிகாரி தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

கடந்த ஓராண்டில் விடுதியில் தங்கியிருந்ததை விண்ணப்பத்தில் எழுதாமல் விட்டதுதான் காரணம் என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். எனவே வியாழக்கிழமை கல்லூரியில் விடுதிச் சான்று வாங்கி, அதை ஒரு நீல ஃபைலில் போட்டுக்கொண்டு மறுநாள் காலை நான் கிளம்பினேன். அவள் ஒரு முறை இறங்கி ஏறினால் முழு நாள் போய்விடும். எனக்கும் மலையைப் பார்க்க வேண்டும் என்று மூன்று வருட ஆசை.

காலை 5.50க்குத் திருநாவலூரில் டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணம் இல்லை. உளுந்தூர்பேட்டையில் மாறி 7.35க்குக் கள்ளக்குறிச்சி. பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு இட்லி, ஒரு வடை, ஒரு டீ, 42 ரூபாய். எல்லாச் சான்றுக்கும் இரண்டு நகல் எடுத்ததில் 36 ரூபாய். 8.15க்கு வெள்ளிமலை பஸ். வலது பக்க ஜன்னல் ஓரம் உட்காருங்கள் என்று யாரோ எழுதியதைப் படித்துவிட்டு உட்கார்ந்தேன், வெயில் முகத்தில் அடித்ததுதான் மிச்சம். கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் ஆரம்பிக்கிறது. வளைவுகளில் பேருந்து மெதுவாகத்தான் போகும். வாந்தி வரும் ஆட்கள் வடையைத் தவிர்க்கவும், அனுபவத்தில் சொல்கிறேன். 10.05க்குக் கரியாலூரில் இறங்கினேன். அதற்கு மேல் ஏழு கிலோமீட்டர் ஜீப்தான். ஆள் சேர்ந்தால் தலைக்கு 30 ரூபாய். அன்று ஆள் சேரவில்லை, 150 கேட்டார்.

"யார் வூட்டுக்குங்க?" என்றார் ஓட்டுநர்.

"அலமேலு வூட்டுக்குண்ணா. காலேஜ் படிச்சாங்களே."

அவர் என்னைப் பார்த்தார், மடியில் இருந்த ஃபைலைப் பார்த்தார். "அப்பிடி யாரும் இல்லீங்களே."

"இருக்காங்கண்ணா. நான் அவங்க கூடப் படிச்சவ."

"எனக்குத் தெரியாதுங்க. ஊர்ல எறக்கி விட்டுர்றேன், கேட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு, ஏழு கிலோமீட்டரும் வாயைத் திறக்கவில்லை. என் கைபேசியில் கரியாலூரிலேயே சிக்னல் போய்விட்டது. வேறு ஊருக்கு வந்துவிட்டேனோ என்று சந்தேகமாகிவிட்டது.

இறங்கிய இடத்தில் ஒரு பெண்மணி முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். "அவுங்க குடும்பத்தோட திருப்பூர் போயிட்டாங்களே. ரெண்டு வருசம் ஆவுது" என்றார், முறத்தை நிறுத்தாமலே. வேலி கட்டிக்கொண்டிருந்த ஒருவர், "கேரளாவுலல்ல இருக்காங்க, மொளகுத் தோட்டத்துல" என்றார். அடுத்த வீட்டு வாசலில் இருந்தவரோ அலமேலு என்ற பேரே இந்த ஊரில் கிடையாது என்று அடித்துச் சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். தெரு நடுவில் நின்று, "அடியே அலமேலூ!" என்று கத்தினேன்.

சாமை புடைத்துக்கொண்டிருந்த பெண்மணியின் பக்கத்து வீட்டிலிருந்து அலமேலு வெளியே வந்தாள். "வந்துட்டியா? எதுக்குடி இப்பிடிக் கத்துற?" என்றாள்.

அந்தப் பெண்மணிக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. "நம்ம புள்ளையோட கூட்டாளியா நீ? மொதல்லயே சொல்ல வேணாமா? கையில ஃபைலு கீது வச்சிக்கினு வந்து நின்னா நாங்க இன்னான்னு நெனைக்கிறது?" என்று என்னையே திட்டினார்.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. இந்த ஊருக்கு ஃபைலோடு வருகிறவர்கள் மூன்று விதம்: மரம் வெட்டியது பற்றி விசாரிக்கிறவர்கள், நிலம் பற்றி விசாரிக்கிறவர்கள், வாரத் தவணை வசூலிக்கிறவர்கள். யாராக இருந்தாலும், யாரைத் தேடினாலும், முதல் பதில் "இல்லை"தான். அது பொய் என்று அவர்கள் நினைப்பதில்லை. ஊர்க்காரரைக் காட்டிக்கொடுக்காமல் இருப்பது என்று நினைக்கிறார்கள். போன மாதம் சாதாரண உடையில் ஃபைலோடு வந்து அலமேலுவைக் கேட்ட போலீஸ்காரருக்கும் அதே மரியாதை கிடைத்திருக்கிறது. அவர் கேட்டதை எழுதிக்கொண்டு போயிருக்கிறார், அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

விடுதிச் சான்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்த என் புத்திசாலித்தனத்தை நினைத்துச் சிரித்தேன். அலமேலு சிரிக்கவில்லை. மணி 11.20 ஆகியிருந்தது. இருவரும் வீடு வீடாகப் போனோம். "மூணு மணிக்கு ஒருத்தர் வருவாரு. நான் இங்கதான் இருக்கேன்னு சொல்லுங்க" என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். சிலர் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்கள். "நீ இருக்கன்னே சொல்லிரலாமா? அப்பறம் வம்பு ஒண்ணும் வராதே?" என்றார் வேலி கட்டியவர்.

ஒரு மணிக்கு மேல் அவள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தோம். சாமைச் சோறு, கீரைக் குழம்பு. அவள் அப்பா கேரளாவில் மிளகுத் தோட்டத்தில் வேலை பார்க்கிறார், மாதம் ஒரு முறை வருவார். அது மட்டும் அந்த ஊரார் சொன்னதில் பாதி உண்மை. வீட்டில் அம்மா மட்டும்தான். காலையிலிருந்து எங்களோடு ஒரு வார்த்தை பேசாத அம்மா, எனக்கு இரண்டாவது முறை குழம்பு ஊற்றும்போது சொன்னார்.

"வூடு வூடா எதுக்குப் போய்க்கினு இருந்தீங்க? அன்னிக்கி அவரு என்னைத்தான் மொதல்ல கேட்டாரு."

"நீ இன்னா சொன்ன?" என்றாள் அலமேலு.

"இல்லன்னேன்."

"பயந்துட்டீங்க, இல்லம்மா?" என்று நான் நடுவில் புகுந்தேன்.

"மொதல்ல பயத்துலதான் பாப்பா சொன்னேன். அப்பறம் அவரே சொன்னாரு, பயப்படாதம்மா, ஒம் பொண்ணு வெளிநாடு போவுது, அதுக்குத்தான் கேக்க வந்துக்கிறேன்னு." அம்மா கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டார். "அதுக்கப்பறமும் இல்லன்னுதான் சொன்னேன். எங்கிட்ட சென்னையில படிக்கப்போறேன்னு சொன்னா இவ. கடலு தாண்டிப் போறான்னு போலீஸ்காரரு சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அலமேலு சோற்றில் கையை வைத்தபடியே இருந்தாள். "சொன்னா அனுப்ப மாட்டன்னு நெனச்சேம்மா."

"கேட்டுப் பாத்தியா?"

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. உதவித்தொகைக்கு நேர்முகத் தேர்வு, ஆங்கிலத் தேர்வு, சென்னைக்கு நாலு முறை என்று எல்லாம் செய்தவள், பத்தடி தூரத்தில் படுத்திருக்கும் அம்மாவிடம் சொல்லவில்லை. அம்மா களைக்கொட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போய்விட்டார். அலமேலு பின்னாலேயே ஓடினாள், கால் மணி நேரத்தில் தனியாகத் திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. "ஒண்ணுமே பேச மாட்டேங்குதுடி" என்றாள். அப்போது மணி 2.10.

அதிகாரி 3.20க்குப் பைக்கில் வந்தார். போன மாதம் வந்தவரேதான். நடுத்தர வயது, பொறுமையான மனிதர். ஊரே கூடிவிட்டது. அவர் வாயைத் திறப்பதற்குள் சாமைப் பெண்மணி, "அலமேலுவா? இதோ நிக்கிறாளே! பொறந்ததுலேர்ந்து இங்கதான் சார். ஒரு நாளு கூட ஊரைத் தாண்டுனது இல்ல!" என்றார்.

"ஒரு நாள் கூடவா? அப்ப காலேஜுக்கு எங்கேர்ந்து போச்சு?" என்றார் அதிகாரி.

நான் நீல ஃபைலைத் திறந்து விடுதிச் சான்றை நீட்டினேன். காரணம் தப்பாக இருந்தாலும் காகிதம் உதவியது. அவர் படித்துவிட்டு வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அவர், "போன தடவை வீட்ல ஒரு அம்மா இல்லன்னு சொன்னாங்களே, அவங்க எங்க? வீட்டு ஆள் சொல்லாம நான் எப்படி மாத்தி எழுதறது?" என்றார்.

அலமேலு என் கையைப் பிடித்தாள், விரல் வலித்தது. ஆள் அனுப்பலாமா என்று யாரோ கேட்டார்கள். அதற்குள் வேலியோரமாக அம்மா வருவது தெரிந்தது. கையில் களைக்கொட்டு, காலெல்லாம் மண். கூட்டம் வழி விட்டது.

"நீங்கதானம்மா இல்லன்னு சொன்னது?"

"நான்தாங்க. இருக்கிறவள இல்லன்னு சொல்லிட்டேன். தப்புதான்." அம்மா மகளைப் பார்க்கவில்லை, அதிகாரியின் பேனாவையே பார்த்துக்கொண்டு பேசினார். "இவ எம் பொண்ணு. இங்கதான் இருக்கா. இன்னும் ரெண்டு மாசம் இருப்பா. அதையும் எழுதிக்கோங்க."

"ரெண்டு மாசம்லாம் எழுத எடமில்லம்மா."

"அப்ப நீங்களாவது தெரிஞ்சி வச்சிக்கோங்க சார்" என்றார் அம்மா. அலமேலு அழுதுவிட்டாள். நானும்தான்.

திரும்பும்போது அதே ஜீப். கரியாலூர் வரை ஓட்டுநர் பேசிக்கொண்டே வந்தார், காசு வாங்கவில்லை. 4.40 பேருந்து, கள்ளக்குறிச்சிக்கு 6.25. அன்றைய மொத்தச் செலவு, பேருந்துக் கட்டணங்கள் சேர்த்து, 358 ரூபாய். பாஸ்போர்ட் அச்சான தகவல் ஜூலை இருபத்தைந்தாம் தேதி வந்தது. அன்றே எண்ணை அனுப்பினாள், உறுதிக் கடிதம் ஐந்து நாளில் வந்தது. காசநோய்ப் பரிசோதனைக்குச் சென்னை போனபோது அம்மாவும் உடன் வந்தார். பிறகு விசா மையத்துக்கும் வந்து, அதன் வாசலில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

கிளம்ப இருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். கிராமத்து முகவரி கொடுத்திருந்தால், விசாரணைக்கு ஆள் வருவதை முன்கூட்டியே பக்கத்து வீடுகளில் சொல்லிவையுங்கள், கூடவே இருப்பதை இருக்கிறபடி சொல்லச் சொல்லுங்கள். விடுதியில் இருந்திருந்தால் அந்தச் சான்றையும் எடுத்து வையுங்கள். "வசிக்கவில்லை" என்று அறிக்கை வந்தால் இடிந்து போக வேண்டாம், மறு விசாரணை கேட்கலாம். காசநோய்ச் சான்று ஆறு மாதம்தான் செல்லும், அவசரப்பட்டு எடுத்துவிடாதீர்கள். மலைக்குப் போவதானால் கரியாலூரில் இருந்தே பேச வேண்டிய அழைப்புகளைப் பேசிவிடுங்கள். ஃபைலைப் பைக்குள் வையுங்கள்.

வீட்டில் சொல்வதை மட்டும் எந்த விசா இணையதளமும் பட்டியலில் போடாது. முதலில் அதைச் செய்யுங்கள், முழுசாகச் செய்யுங்கள். மலைக்குப் போன அந்த நாள் வரை இதை எழுத எனக்குத் தகுதி இல்லாமல்தான் இருந்தது. படிப்பு ஒரு வருடம் என்று அப்பாவிடம் சொன்னது உண்மை. படிப்பு முடிந்து அங்கேயே தங்கி வேலை பார்க்க நினைத்திருந்ததைச் சொல்லவில்லை. அவரோ ஊரில் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "ஒரு வருசந்தான், கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மலையிலிருந்து திரும்பி அன்று இரவு 8.40க்கு வீடு சேர்ந்ததும், கால் கூடக் கழுவாமல், சொல்லிவிட்டேன். அப்பா தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "அதுக்கப்பறம் வந்துடுவ இல்ல?" என்றார்.

விசா நேர்காணலில் எனக்கும் இதே கேள்வி வந்தது. படிப்புக்குப் பின் என்ன திட்டம், நாடு திரும்புவீர்களா என்று காணொளியில் கேட்டார்கள். கண்ணாடி முன் பத்து முறை சொல்லிப் பார்த்த பதிலை அரை நிமிடத்தில் தடங்கல் இல்லாமல் சொன்னேன், அதோடு வங்கிக் கடிதம், நிலத்துப் பட்டா நகல் எல்லாம் இணைத்திருந்தேன். அன்று அப்பாவிடம் அப்படியொரு பதில் வாயில் வரவில்லை. "வந்துடுவேம்பா" என்று மட்டும் சொன்னேன். அவர் எந்தச் சான்றும் கேட்காமல் நம்பிவிட்டார்.